கதவுக்கு மேலே இரண்டு மயில்

எங்கள் வீட்டில் அந்த மெசினை முதன்முதலில் மீன் வெட்டத்தான் பாவித்தோம்.

கட்டாரில் வேலை செய்யும் என் மச்சான், அதாவது மனைவி காக்கா என்று கூப்பிடும் அவளுடைய அண்ணன், பெருநாளுக்கு முன்னர் ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். பால்மா, சவர்க்காரம், போர்வை எல்லாவற்றுக்கும் அடியில் அது கிடந்தது. இரும்பில் ஒரு சின்ன மேசை, மேலே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு கை, நடுவில் நூல் மாதிரி ஒரு வாள். போன் போட்டுக் கேட்டேன்.

"அறுக்கிற மெசின் மச்சான். இஞ்ச ஒரு கடைய மூடுறாங்க, மலிவாக் குடுத்தாங்க. ஒங்களுக்கு உதவும்."

"என்னத்த அறுக்கிற?"

"என்னத்தையும் அறுங்க. வேலைக்கு நேரமாகுது, வெக்கிறன்."

மனைவி பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். வெளிநாட்டுக் கடைகளில் கட்டியாக உறைந்த மீனை மெசினில் அறுப்பதை அவள் எங்கேயோ வீடியோவில் பார்த்திருக்கிறாள். "இது அதுதான்," என்றாள். குளிர்சாதனப் பெட்டியில் ஒரு அறுக்குளாத் துண்டு கல் மாதிரிக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்தோம். சுவிட்சைப் போட்டதும் மீன் மேசையில் கிடந்து நடுங்கியது. நான் பிடித்தேன், நானும் நடுங்கினேன். மனைவியின் முகத்திலும் சுவரிலும் மீன் தூள். கடைசியில் வாள் முறிந்தது. அறுக்குளாவில் ஒரு கீறல் மட்டும் விழுந்திருந்தது. பிறகு மகள்தான் பெட்டியிலிருந்த பெயரைப் போனில் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரி சிரியென்று சிரித்தாள். அது 'ஸ்க்ரோல் சோ' என்ற மெசினாம். பலகையில் பூவேலை வெட்டுவதற்காம். தையல் மெசின் மாதிரித்தான், ஊசி இருக்க வேண்டிய இடத்தில் வாள்.

அப்படித்தான் இந்தப் பழக்கம் என்னிடம் வந்தது. நான் தேடிப் போகவில்லை. அல்லாஹ் பால்மாவுக்கு அடியில் வைத்து அனுப்பினான்.

நான் கவலைக்காரன். இதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை, தெருவுக்கே தெரியும். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பப் போவேன். கேஸ் சிலிண்டரை மனைவி மூடுவாள், நான் போய் இன்னும் ஒரு முறுக்கு முறுக்குவேன். காலையில் அவளால் திறக்க முடியாது. கடல் கொஞ்சம் கூடுதலாக இரைந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டதும் பயத்தினால்தான். கரும்பலகைக்கு முன்னால் கூப்பிட்டு விடுவார்களோ என்று முன்னால் இருப்பவனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருப்பேன். வாப்பா அலுத்துப்போய் என்னைச் சைக்கிள் திருத்தும் கடையில் கொண்டுபோய் விட்டார். சைக்கிள் என்னைக் கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கும் அதே தொழில்தான், இப்போது கடை என்னுடையது.

மெசினை வீட்டுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தகரம் இறக்கி வைத்துக்கொண்டேன். யாரும் கற்றுத் தரவில்லை. போனில் வீடியோ பார்ப்பேன். அதில் கதைப்பவர்கள் என்ன பாஷை என்றுகூட எனக்குத் தெரியாது, கைகளை மட்டும் பார்ப்பேன். வாளின் பற்கள் கீழே பார்க்க மாட்ட வேண்டும். தலைகீழாக மாட்டினால் பலகை துள்ளும். இறுக்கிய பிறகு விரலால் சுண்டினால் வாள் டிங் என்று பாட வேண்டும். பலகையைத் தள்ளவே கூடாது, தள்ளினால் வாள் முறியும். கோடு போகும் பக்கத்துக்குப் பலகையைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தால் போதும், வாள் தன் பாட்டில் தின்னும். பூவின் உள்ளே ஒரு துவாரம் வெட்ட வேண்டுமென்றால், ட்ரில்லால் சின்ன ஓட்டை போட்டு, வாளின் ஒரு முனையைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள்ளால் கோத்து, திரும்ப மாட்டி, இறுக்கி, சுண்டிப் பார்க்க வேண்டும். எத்தனை இதழோ அத்தனை தரம். மற்றவர்களுக்கு அது சலிப்பாக இருக்கும். எனக்கு அது சுகம். ஒன்றைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறவனை நல்ல வேலைக்காரன் என்று சொல்லும் வேலை வேறு எங்கே இருக்கிறது?

அதோடு, கோட்டிலிருந்து கண்ணை எடுத்தால் வெட்டு பிழையாகிவிடும். கவலைப்பட நேரமிருக்காது. கவலை வந்து தகரத்துக்கு வெளியே நிற்கும். பொறு, இந்த வளைவை முடித்துவிட்டு வருகிறேன் என்பேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால் அது போயிருக்கும். கொரோனாக் காலத்தில் வாங்கி மிஞ்சிய முகக்கவசங்கள் தூளுக்கு உதவின. அந்தக் காலத்துக்காக நான் நன்றி சொல்வதென்றால் அது ஒன்றுக்குத்தான்.

முதலில் பிறையும் நட்சத்திரமும் வெட்டினேன். பிறகு, 'அல்லாஹ்வின் பெயரால்' என்ற பிஸ்மியை அரபு எழுத்தில் வெட்டத் துணிந்தேன். அங்கேதான் சிக்கல். மாதிரித் தாளைப் பலகையில் ஒட்டித்தான் வெட்டுவது. முடிந்ததும் உரிக்கும் தாளில் எழுத்து இருக்கும், அதைக் குப்பையில் போட முடியாது. முறிந்த பலகைகளிலும் எழுத்து. எல்லாவற்றையும் ஒரு பையில் சேர்த்து அலுமாரிக்கு மேலே வைத்தேன். பிறகு தூளிலும் சந்தேகம் வந்தது. மனைவி தும்புத்தடியோடு நின்றாள்.

"ஒதுங்குங்க, கூட்டணும்."

"பொறு புள்ள. இது பிஸ்மிட தூள்."

"அப்ப என்ன செய்ற? கபன் துணி போட்டு அடக்குறதா?" என்றாள். சொன்ன கையோடு தௌபா செய்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

பள்ளிவாசல் மௌலவியிடம் போய்க் கேட்டேன். அவர் சிரிக்காமல் கேட்டுவிட்டு, தாளையும் முறிந்த துண்டுகளையும் மிதிபடாத இடத்தில் புதைக்கச் சொன்னார், தூளைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றார். புதைத்தேன். ஆனாலும் யோசித்தேன். அதனால் எழுத்தை விட்டுவிட்டு இலையும் கொடியும் வெட்டத் தொடங்கினேன். இலைக்கு யாரிடமும் போய்க் கேட்கத் தேவையில்லை.

கொடிகளை வரைந்து தந்தது மகள். அவள் கல்யாண வீடுகளுக்குப் போய் மெகந்தி போடுகிறவள். பெண்களின் கையில் ஓடும் கோட்டை அவள் எனக்காகத் தாளில் ஓடவிடுவாள். நான் வெட்டுவேன். பெரிதாகக் கதைத்துக்கொள்ள மாட்டோம். "இந்த இடம் மெல்லிசா வருது மகள், முறியும்," என்பேன். அவள் ஒரு கோட்டைத் தடிப்பாக்கித் தருவாள். வாப்பாவும் மகளும் இதைவிட நல்லபடியாகக் கதைக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்துப் பெண் போவதில்லை, மாப்பிள்ளைதான் வருவார். பெண்ணுக்குப் பெற்றவர்கள் வீடு கொடுக்க வேண்டும். ஆகவே சம்பந்தம் பேச வருகிறவர்கள் பெண்ணைக் கொஞ்ச நேரமும் வீட்டை நிறைய நேரமும் பார்ப்பார்கள். தங்கள் மகன் வந்து வாழப்போகும் இடமல்லவா? எங்கள் வீட்டுக்கு மேலே மகளுக்காக ஒரு மாடி கட்டினோம். அது முடியும் தறுவாயில் ஒரு சம்பந்தம் வந்தது. வந்தவர்கள் எல்லாம் பார்த்து, தேத்தண்ணியும் குடித்து, எழும்பும் நேரத்தில், யாரும் கேட்காமல் நானே சொன்னேன்: "இந்த மூலையால மழைக்கு ஒழுகுமோ எண்டுதான் ஒரு பயமா இரிக்கி." அந்த மூலை ஒழுகவில்லை. இன்றுவரை ஒழுகவில்லை. அவர்கள்தான் திரும்பி வரவில்லை.

மனைவி என்னோடு கதைக்காமல் இருந்தாள். மகள் எப்போதும்போலத் தாளை எடுத்துக் கொடி வரைந்தாள். அந்தச் சம்பந்தத்துக்கு அவள் "ஒங்கட விருப்பம்" என்றுதான் சொல்லியிருந்தாள். எந்தச் சம்பந்தத்துக்கும் அப்படித்தான் சொல்வாள். ஆனால் நிந்தவூரிலிருந்து, மருந்துக் கடை ஒன்றில் வேலை செய்யும் மாப்பிள்ளையின் போட்டோ வந்தபோது, "இது என்ன மாதிரி மகள்..." என்று நான் கேட்டு முடிப்பதற்குள் "ஓம்" என்றாள். பிறகு தான் அவசரப்பட்டது தெரிந்து, குசினிக்குள் போய்க் கழுவிய கோப்பைகளையே திரும்பக் கழுவினாள்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் முன் அறையில் இருந்தேன். இதையும் நான் கெடுத்துவிடக் கூடாது. எனக்கு வேறு நினைப்பே இருக்கவில்லை.

மாடியில் அவளுடைய அறைக் கதவுக்கு மேலே காற்றுக்காக ஒரு வெளி விட்டிருந்தோம். அதற்கு ஒரு பலகை செய்யலாம் என்று மகள் சொன்னாள். யன்னல் செய்து மிஞ்சிய தேக்கம் பலகையைத் தச்சு வேலை செய்யும் ஓடாவியிடம் கொடுத்து மெல்லிசாகச் சீவி எடுத்தேன். அவள் இரண்டு மயில்களை வரைந்தாள். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, சொண்டு முட்டாமல், தோகை இரண்டு பக்கமும் இலை இலையாக விரிந்து. அந்த மாதிரி ஒரு வேலையை நான் அதற்கு முன் செய்ததில்லை. தோகையின் ஒவ்வொரு கண்ணுக்கும் வாளைக் கழற்றிக் கோத்தேன். பொருத்தி முடித்து இறங்கி நின்று பார்த்தபோது, இதை நான்தானா வெட்டினேன் என்று சந்தேகமாக இருந்தது. அது நல்ல மாதிரிச் சந்தேகம்.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முதல் நாள் பின்னேரம் மச்சான் வீடியோவில் வந்தார். மகள் ஒரு கல்யாண வீட்டுக்கு மெகந்தி போடப் போயிருந்தாள். நான் பெருமையாகப் போனைத் தூக்கி மயில்களைக் காட்டினேன்.

"மாஷா அல்லாஹ், மச்சான்! மீன் வெட்டின கையா இது?" என்றார். பிறகு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, "ஆனா ஒரு கதை. மாப்பிள்ளட வாப்பா, அந்த ஹாஜியார், சரியான பேணுதலான ஆளாம். உசிருள்ள உருவம் வெச்ச வீட்டில தண்ணியும் குடிக்கமாட்டாராம்."

"சும்மா சொல்லாதீங்க மச்சான்."

"நான் என்னத்துக்குச் சும்மா சொல்ற? தலைய எடுத்துட்டா உருவமில்லையாம். எடுத்துடுங்க, பிரச்சின முடிஞ்சி." அவர் சிரித்தாரா, போன் ஆடியதா என்று தெரியவில்லை. லைன் அறுந்துவிட்டது.

உருவத்தைப் பற்றிய சட்டத்தைக் கதைக்க நான் ஆளில்லை, படித்தவர்கள் கதைக்கட்டும். எனக்கு அந்த நேரம் தெரிந்ததெல்லாம், ஒரு ஹாஜியார் வாசலில் நின்று மேலே பார்ப்பதும், செருப்பைத் திரும்பப் போடுவதும்தான். மச்சானுக்குத் திரும்ப எடுத்தேன், போகவில்லை. மௌலவியிடம் போக வெட்கம், ஏற்கெனவே தூளுக்காகப் போனவன். ஏணியை வைத்துப் பலகையைக் கழற்றினேன். கீழே கொண்டுபோய், அவசரத்தில் கையில் அகப்பட்ட தடித்த வாளை மாட்டி, இரண்டு தலைகளையும் அறுத்தேன். நின்று யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். திரும்ப மேலே கொண்டுபோய்ப் பொருத்தினேன்.

மறுநாளைக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்த மனைவி, ஏணிச் சத்தத்துக்கு மேலே வந்து பார்த்தாள்.

"அல்லாஹ்வே! அறுத்த சாவல் மாதிரி நிக்கிது!"

"தலைய எடுத்தா சரியாம்."

"ஆரு சொன்ன?"

"ஒங்கட காக்கா."

"அவர் சொன்னா? கழுத்தும் காலும் அப்பிடியே நிக்கிது. நாளைக்கி வாறவங்க கேட்டா என்ன சொல்ற? குர்பான் குடுத்தம் எண்டா?"

அவள் சொன்னபிறகுதான் எனக்கும் அது கண்ணில் பட்டது. தலை இருந்தபோது மயில். இப்போது ஒரு கல்யாண வீட்டுக் கதவுக்கு மேலே இரண்டு அறுபட்ட கழுத்து. நான் ஏணியின் அடியிலேயே இருந்துவிட்டேன்.

மகள் வந்தாள். விரல்களெல்லாம் மெகந்திக் கறை. யாரும் சொல்வதற்குள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தலை எங்க வாப்பா?"

"பொக்கெட்டில."

எடுத்துக் கொடுத்தேன். அவள் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"கண்ண நல்லா வெட்டியிருந்தீங்க," என்றாள்.

நான் மச்சான் சொன்னதைச் சொன்னேன். ஹாஜியார், தண்ணீர், செருப்பு, எல்லாம். அவள் குறுக்கே கதைக்காமல் கேட்டாள்.

"ஒட்டேலாதா?"

"ஒட்டலாம். வாள் திண்ட இடம் கொஞ்சம் தெரியும். தூளும் பசையும் வெச்சா மறைக்கலாம்."

"ஒட்டினா ராவைக்கு நீங்க படுப்பீங்களா?"

நான் மேலே, அறுபட்ட கழுத்துகளைப் பார்த்தேன்.

"படுக்கமாட்டீங்க," என்றாள். "நாளைக்கி அவங்க வந்ததும் நீங்களே போய் 'ஹாஜியார், மேல மயில் இரிக்கி, பாக்காதீங்க' எண்டு சொல்லுவீங்க." மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. "அப்ப ஒட்டத் தேவல்ல. கழட்டுங்க."

பலகையைக் கீழே கொண்டுவந்து மேசையில் வைத்தோம். அவள் பென்சிலை எடுத்தாள். மரத்தில் எடுக்கத்தான் முடியும், சேர்க்க முடியாது. அது அவளுக்கும் தெரியும். கழுத்தைச் சுருட்டி, கொடியின் நுனி மாதிரி வளைத்து வரைந்தாள். உடம்பின் நடுவே நரம்பு ஓட்டி இலையாக்கினாள். கால்களைக் கோடு போட்டு அடிக்கப் போனாள்.

"அத வெட்டினா எல்லாம் கழண்டு விழும் மகள். கால்தான் சட்டத்தோட புடிச்சிக்கிட்டு இரிக்கி."

அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "அப்ப கால் இரிக்கட்டும். வேராக்குவம்."

நுண்ணிய வாள் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. மற்றவையெல்லாம் தோகைக்கு முறிந்திருந்தன. அது முறிந்தால் என்ன செய்வது, கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்டேன். "மறுகா கவலப்படுவம். இப்ப வெட்டுங்க," என்றாள். பலகையின் மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள். நான் திருப்பும் பக்கத்துக்கு அவளும் திருப்பினாள். தள்ளவில்லை, இழுக்கவில்லை. ஒரு வளைவில் நான் அவசரப்பட்டேன். பலகையின் வழியாக அது அவளுக்குப் போயிருக்கும், ஆனால் அவள் பக்கம் அசையவில்லை. ஒரு பக்கத்துச் சுருள் மற்றதைவிடத் தடிப்பாக வந்தது. "பரவால்ல. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா கடையில வாங்கின எண்டு நினைப்பாங்க," என்றாள். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்போது மனைவி ஏணியைப் பிடிக்க, பலகையைத் திரும்பவும் கதவுக்கு மேலே பொருத்தினோம். மயிலைத் தேடினாலும் கிடைக்காது. இரண்டு கொடி, வேர்விட்டு, இலைவிட்டு, எதிரெதிரே சாய்ந்து நின்றன.

மறுநாள் மனைவி எனக்குச் சட்டம் போட்டாள். "நீங்களா வாயத் தொறக்கவேணாம். கேட்டா மட்டும் 'ஓம்'. இல்லாட்டி 'அல்ஹம்துலில்லாஹ்'. வேற ஒண்டும் வேணாம்."

ஹாஜியாரும் அவர் மனைவியும் வந்தார்கள். பெண்ணைப் பார்த்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், பிறகு மாடியைப் பார்க்க ஏறினார்கள். ஹாஜியாரின் மனைவி, அந்த ராத்தா, குழாயைத் திறந்து பார்த்தார், அலுமாரியைத் திறந்து பார்த்தார், கட்டிலைத் தட்டிப் பார்த்தார். ஹாஜியார் பெரிய உடம்பு. படி ஏறியதில் வேர்த்துக் கொட்டியது. மூச்சு வாங்கிக்கொண்டு கதவடியில் நின்றவர் மேலே பார்த்தார்.

"இது என்ன தம்பி?"

"ஓம்," என்றேன்.

"என்ன ஓம்?"

"அல்ஹம்துலில்லாஹ்," என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். கையைத் தூக்கிப் பலகைக்கு நேரே பிடித்தார். முகத்தையும் நிமிர்த்தினார். அப்படியே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இஞ்ச வாங்க," என்று தன் மனைவியைக் கூப்பிட்டார். "இதுக்குக் கீழ நிண்டு பாருங்க. காத்து."

அந்த ராத்தாவும் வந்து நின்றார். "கடல் காத்து," என்றார். "முகத்தில அடிக்கிது."

"எங்கட மகன் வேர்வைக்காரன் தம்பி, என்ன மாதிரித்தான்," என்றார் ஹாஜியார் என்னிடம். "கரண்ட் போனா எழும்பிக் குந்திருவான். இஞ்ச படுத்தா நித்திர வரும். ஆரு இத வெட்டின?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"வரஞ்ச மகள். வெட்டின நான்," என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திய கதை அது ஒன்றாகத்தான் இருக்கும்.

கீழே இறங்கி வந்து, நாள் பார்ப்போம் என்றார்கள்.

மச்சான் பிறகு போனில் சொன்னார், அது பகிடியாம். கோழிக் குஞ்சு மாதிரி என் முகம் போனதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னாராம். மனைவி போனை வாங்கிக்கொண்டு போய் அவருக்குக் கொடுத்த ஏச்சை இங்கே எழுத முடியாது. ஹாஜியார் அந்த மயில்களைப் பார்த்திருந்தால் உண்மையில் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்கு இன்றும் தெரியாது. இப்போது அவர் என் சம்பந்தி, அடிக்கடி வருகிறார், ஆனாலும் கேட்கப் பயம்.

கவலைக்காரனாகப் பிறந்ததைப் பற்றி எனக்கு நிறைய மனக்குறை இருந்தது. இப்போது குறைவு. மீன் வெட்டாத ஒரு மெசினைத் தெரியாமல் வாங்கி அனுப்பிய மச்சான், பிஸ்மித் தூளோடு என்னைச் சகித்த மனைவி, தான் வரைந்த மயிலின் தலையைக் கையில் வைத்துக்கொண்டு என் தூக்கத்தைப் பற்றிக் கேட்ட பிள்ளை. இவர்களை நான் உழைத்துச் சம்பாதிக்கவில்லை. கணக்கில் எனக்கு எப்போதும் பயம்தான் என்றாலும், இது என் பக்கம் கூடிப்போன கணக்கு என்பது விளங்குகிறது.

பெண் பார்க்க வந்தவர்கள் அன்றைக்குப் போனபிறகு மகள் மாடிக்கு ஏறினாள். நான் பின்னால் போனேன். அவள் கதவடியில் நின்றாள்.

"இதிலயா ஹாஜியார் நிண்டவரு?"

"ஓம். இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு."

அவள் நகர்ந்து நின்று முகத்தை நிமிர்த்தினாள். நெற்றி மயிர் அசைந்தது.

"மறுகா என்ன சொன்னாரு?"

நான் முதலிலிருந்து சொன்னேன். தொப்பியைக் கழற்றியது, காற்று, மகனின் வேர்வை, நித்திரை, எல்லாம். முடித்ததும் அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"நித்திர வரும் எண்டதுக்கு முன்னுக்கு என்ன சொன்ன? அதத் திரும்பச் சொல்லுங்க."

என்னை யாரும் அப்படித் திரும்பச் சொல்லச் சொன்னதில்லை. ஆறுதலாக, ஒன்றையும் விடாமல், திரும்பச் சொன்னேன்.